உப்புப் போகாமல் ஈரம் போகாது

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் களுவாஞ்சிகுடிப் பக்கத்தைச் சேர்ந்த ஐந்து நண்பர்கள். சனி, ஞாயிறுகளில் தூண்டில் போடுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. கனடாவிலிருந்து வந்த என் அத்தான், அங்கே ஆற்றில் இறங்கி மீன்பிடிப்பவர்கள் அணியும் வேடிங் பூட்ஸில் தாமும் நண்பர்களும் பாவித்த ஐந்து சோடிகளைக் கொண்டுவந்து எங்களிடம் தந்துவிட்டுப் போனார். திருக்கை முள்ளுக்கும் மட்டி ஓட்டுக்கும் பயந்து கரையிலேயே நின்ற எங்களுக்கு அவை பெரிய உதவி. ஆனால் அவற்றைக் காயவைப்பது எப்படி என்பதில் ஓயாத சண்டை. ஓய்வுபெற்ற ஆசிரியரான எங்கள் மாஸ்டர் பழைய பேப்பரை உள்ளே திணிக்க வேண்டும் என்கிறார். என் மச்சான் தகரக் கூரையில் உச்சி வெயிலில் போடுகிறார். மருதமுனைக் காக்கா, “வெயில் என்னத்துக்கு, காத்து இருந்தாக் காணும்” என்று ஓட்டோவின் பின்னால் கட்டிக்கொண்டு திரிகிறார். தம்பி ஒருவன் அக்காவின் ஹெயார் டிரையரை எடுத்து ஊதுகிறான். நான் அடுப்புக்கு மேலே பறணில் வைக்கிறேன். “நீர் பூட்ஸ் காயவைக்கல்ல, கருவாடு போடுறீர்” என்று மாஸ்டர் மச்சானைக் கிண்டல் செய்ய, “உங்கட பூட்ஸ் நாலு பேப்பரையும் வாசிச்சு முடிச்சிட்டு, இன்னும் காயல்ல” என்று மச்சான் திருப்பிக் கொடுக்க, போன மாதம் இருவரும் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை. மாஸ்டர் நவகிரிக் குளத்தை விட்டு வேறெங்கும் வரமாட்டார். மச்சானும் காக்காவும் கல்லாற்று முகத்துவாரத்தில் நிற்பார்கள். நானும் தம்பியும் வாவிக்கரையில். இப்போது மச்சானின் சோடியில் அடி கழன்று வாய் பிளந்து நிற்கிறது. காக்காவின் சோடி மாலையில் காய்ந்து காலையில் மறுபடி ஈரமாகிறது. என் சோடி மணக்கிறது என்று மனைவி அதை வீட்டுக்குள் எடுக்க விடுவதில்லை. எங்களில் யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

தீர்ப்புச் சொல்வதற்கு வேண்டிய சாட்சியத்தை நீங்களே போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். மாஸ்டர் நவகிரிக் குளத்தில் நிற்கிறார். மச்சானும் காக்காவும் முகத்துவாரத்தில் நிற்கிறார்கள். ஐவரும் ஒரே கேள்விக்கு விடை தேடுவதாக நினைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். ஆனால் குளத்து நீரில் நனைந்த பூட்ஸும் உப்புநீரில் நனைந்த பூட்ஸும் காய்கின்ற விதமே வேறு. பேப்பர் போதும் என்று மாஸ்டர் அடித்துச் சொல்வதற்கு அவருடைய அனுபவம் ஆதாரம். அது போதாது என்று மச்சான் சிரிப்பதற்கு இவருடைய அனுபவம் ஆதாரம். இருவரும் கண்டதைத்தான் சொல்கிறார்கள். சப்பாத்துத் தொழிற்சாலை ஒன்றில் அடிப்பாகம் ஒட்டும் பகுதியில் வேலை பார்த்துவிட்டு, இப்போது மட்டக்களப்பில் திருத்தும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் என்னிடம் வருகின்ற பூட்ஸ்களைப் பார்த்துச் சொல்கிறேன்: உப்புநீரில் இறங்குகிறவர்கள் உலர்த்தும் முறையைப் பற்றிச் சண்டை பிடிப்பதற்கு முன்னால் அலசும் முறையைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும்.

காக்காவின் சோடி மாலையில் காய்ந்து காலையில் ஈரமாவதற்குப் பேயும் காரணமில்லை, ஓட்டோவும் காரணமில்லை. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. வடியவிட்ட பிறகும் ஒரு சோடியின் துணியிலும் பஞ்சிலும் தையலிலுமாக அரை லீற்றர் நீர் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நீர் முழுவதும் ஆவியாகிப் போன பின்பு உள்ளே 17 கிராம் உப்பு எஞ்சி நிற்கும். சமையலறைக் கணக்கில் அது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி. சுத்தமான கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பிலோ மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே நீரை இழுக்கும் இயல்புடையது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நாடாவைப் போலக் கிடக்கும் எங்கள் ஊர்களில் இரவுக் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டுவது ஆண்டின் பெரும்பகுதியில் வழக்கமானது. ஆகவே பகலெல்லாம் காக்கா எவ்வளவு தூரம் ஓடிக் காயவைத்தாலும், பொழுது பட்டதும் உள்ளே இருக்கின்ற உப்பு தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. கார்த்திகை மாதத்தில் உங்கள் வீட்டு உப்புப் போத்தலுக்குள் நடப்பதும் இதுவே.

இந்த உப்பின் அளவு எல்லா மாதங்களிலும் ஒன்றல்ல. வடகீழ்ப் பருவமழையில் வெள்ளம் இறங்கி வாவி நிறைந்து, பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் முகத்துவாரம் திறந்து ஓடுகின்ற நாட்களில், வாவியின் உட்பகுதியில் நீர் ஏறத்தாழ நல்ல தண்ணீராகவே இருக்கும். ஆடி, ஆவணியில் அதே இடத்து நீரை வாயில் வைக்க முடியாது. மார்கழியில் பேப்பர் மட்டும் போதுமாக இருந்த அதே பூட்ஸுக்கு ஆடியில் அது போதாமற் போவதை நீங்களும் கண்டிருக்கலாம். அதைப் பேப்பரின் குற்றமாக எண்ணி மாஸ்டரை நையாண்டி செய்திருந்தால், அந்தக் குற்றச்சாட்டை வாபஸ் வாங்குவதே நியாயம்.

எனவே முதல் வேலை, நனைந்த பூட்ஸை மறுபடி நனைப்பது. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றினாலும் இதைத் தவிர வேறு வழியில்லை. கயிற்றை முழுவதுமாக உருவி, நாக்கை வெளியே இழுத்து, உள்ளே இருக்கின்ற தளத்தைக் கழற்றி, மூன்றையும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் அமுக்கி இருபது நிமிடமளவில் ஊறவிட வேண்டும். மேலே குழாயைப் பிடித்துக் கழுவினால் சேறு போகுமே தவிர, பஞ்சின் உள்ளே இறங்கிய உப்பு வெளியே வராது. உப்பு கரைந்து வாளித் தண்ணீருக்குள் பரவுவதற்கு நேரம் வேண்டும். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இன்னொரு முறை ஊறவிட்டு, கையால் அமுக்கிப் பிழிந்து எடுக்க வேண்டும். முதல் வாளித் தண்ணீரில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்ப்பவர் இரண்டாவது வாளியின் அவசியத்தை எவரும் சொல்லாமலே ஒப்புக்கொள்வார். கடலுக்கு அண்மையில் குடியிருப்பவர்கள் தங்கள் கிணற்று நீரையும் இப்படிச் சோதித்துக்கொள்வது நல்லது. மணற்பாங்கான கரையோரத்தில் வறட்சிக் காலத்தில் சில கிணறுகளுக்கு உவர் ஏறிவிடும். அப்படிப்பட்ட நாட்களில் குழாய்த் தண்ணீரோ சேர்த்து வைத்த மழைத்தண்ணீரோ வேண்டும். மாஸ்டருக்கு இந்த உபதேசம் தேவைப்படாது. குளத்துச் சேற்றைக் கழுவினால் அவருக்குப் போதும்.

அலசிய பிறகு வருகின்ற வேலையில் மாஸ்டர் தவிர்ந்த நால்வருக்கும் ஒரு பொதுவான தவறு இருக்கிறது. நால்வருமே நீரை ஆவியாக்குவதிலேயே குறியாக இருக்கிறீர்கள். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் செலவாகும். அரை லீற்றர் நீருக்கு 1000 வாற்று ஹெயார் டிரையர் ஒன்றின் வெப்பம் ஒரு துளியும் வீணாகாமல் நீருக்குள்ளேயே போனாலும் இருபது நிமிடம் வேண்டும். உண்மையில் பெரும்பகுதி வெப்பம் வீட்டுக் கூரைக்குத்தான் போகும். கையால் பிழிந்தும், முன்பக்கத்தை மேலே தூக்கிச் சாய்த்து வடியவிட்டும், பழைய சாரத்துண்டை உள்ளே திணித்து அமுக்கி எடுத்தும் வெளியேற்றுகின்ற நீருக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. சாய்த்து வைக்கும்போது முன்பக்கம் கீழே போகக் கூடாது, ஏனென்றால் எல்லா நீரும் விரல் பகுதியில் போய்க் குந்திக்கொள்ளும். காற்றும் கையும் எளிதில் போகாத இடம் அதுதான். பூட்ஸைக் கவிழ்த்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி இரண்டு தடிகளின் மேல் சாய்த்து வைப்பதே சரி.

மாஸ்டரின் பேப்பர் வரவேண்டிய இடம் இது. பத்திரிகைத் தாளில் எழுதும் தாளுக்குப் போடுவதைப் போலப் பசைப்பூச்சு இல்லாததால் அது நீரை உடனே உறிஞ்சும். மினுங்குகின்ற வார இதழ்த் தாள் உறிஞ்சாது. வைக்கோலில் கடதாசி செய்த ஆலை வாழைச்சேனையில் இருந்த மாவட்டத்தில் இதை விளக்குவது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. ஆனால் மாஸ்டர் இதைச் செய்கின்ற விதம் எனக்குத் தெரியவில்லை, ஆகவே இரண்டு எச்சரிக்கைகள். பேப்பரை இறுக்கி அடைக்கக் கூடாது. கசக்கிய உருண்டைகளைத் தளர்வாக, விரல்முனை வரை போகும்படி தள்ள வேண்டும். நனைந்த பேப்பரை உள்ளேயே விட்டுவிட்டுப் படுக்கப் போகவும் கூடாது. முதல் முறை அரை மணித்தியாலத்தில், அடுத்த முறை ஒரு மணித்தியாலத்தில் என்று மாற்றிவிட்டு, மூன்றாவது முறை எடுத்த பேப்பர் கையில் வெறுமனே குளிர்ச்சியாக இருக்கிறதே தவிர நனைந்திருக்கவில்லை என்றால் அதோடு பேப்பரின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் அது உள்ளே இருந்தால் காற்றை மறிக்கின்ற மூடியாகத்தான் இருக்கும். “நாலு பேப்பரையும் வாசித்தும் காயவில்லை” என்று உங்கள் மச்சான் சொன்னது இந்த வகையில் முற்றிலும் வீண்பேச்சு அல்ல.

அதன் பின்பு காற்று. இந்த விடயத்தில் காக்கா மற்ற நால்வரையும் விடச் சரியான இடத்துக்கு அண்மையில் நிற்கிறார். ஈரத்துணியை ஒட்டி நிற்கின்ற காற்று நீராவியால் நிறைந்துவிட்டால் மேற்கொண்டு ஆவியாதல் ஏறத்தாழ நின்றுவிடும். அந்தக் காற்றைத் தள்ளிவிட்டுப் புதுக் காற்றைக் கொண்டுவருவதே காற்றோட்டம் செய்கின்ற வேலை. கொடியில் தொங்குகின்ற சாரத்துக்கு நாலு பக்கமும் காற்றுப் படும். பூட்ஸோ ஒருபக்கம் அடைத்த குழி. வெளிப்பக்கம் காய்ந்து கலகலவென்று இருக்க, உள்ளே விரல்முனையில் நிறைந்த காற்று அப்படியே தேங்கி நிற்கும். ஓட்டோவின் பின்னால் கட்டும்போது பூட்ஸின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காக்காவிடம் கேட்டுப் பாருங்கள். அது பின்னோக்கி இருக்குமானால் அவர் காயவைப்பது வெளித்தோலை மட்டும்தான். அத்துடன் தெருப்புழுதியையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறார். வீட்டு நிழலில், நாக்கை இழுத்து வாயை நன்றாகத் திறந்து, மின்விசிறிக்கு முன்னால் ஓரடி தூரத்தில் வைத்தால் அதைவிட நன்றாகக் காயும். மின்விசிறிக்கு வேண்டிய மின்சாரமும் ஹெயார் டிரையருக்கு வேண்டியதில் சிறு பங்குதான். கச்சான் வீசுகின்ற மாதங்களில் அந்த மின்விசிறியும் வேண்டாம். மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்குகின்ற அந்தக் காற்று உதட்டையே வெடிக்கச் செய்வது. அதில் ஒரு நாள் நிழலில் கிடந்த பூட்ஸ் காயவில்லை என்றால் உள்ளே உப்பு இருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

கார்த்திகையிலும் மார்கழியிலும் நிலைமை வேறு. அடைமழை நாளில் ஈரப்பதம் 90 சதவீதமாக இருக்கும்போது மின்விசிறி ஈரக்காற்றையே ஈரத்தின் மேல் ஊதிக்கொண்டிருக்கும். அப்போது சிறிதளவு வெப்பம் தேவைப்படுகிறது. சிறிதளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். 26 பாகை வெப்பத்தில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 36 பாகைக்குச் சூடாக்கினால், அதில் ஒரு துளி நீரும் குறையாமலே அதன் ஈரப்பதம் 51 சதவீதமளவுக்கு இறங்கிவிடும், ஏனென்றால் சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும். பத்துப் பாகை போதும், அறுபது பாகை வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது அதன் பின்பக்கத்திலிருந்து வருகின்ற இளஞ்சூடு இந்த அளவில்தான் இருக்கிறது. நன்றாக வடியவிட்டு, பேப்பர் மாற்றி எடுத்த பூட்ஸை அதன் அருகே ஒரு முக்காலியில் வைத்து மின்விசிறியைக் காட்டலாம். நீர் சொட்டுகின்ற பூட்ஸை மட்டும் மின்சாரப் பொருள் எதற்கும் அருகே கொண்டுபோக வேண்டாம்.

இனித் தகரக் கூரை. இதில் நான் நடுநிலையாகப் பேசப் போவதில்லை. இவ்வகைப் பூட்ஸின் மேற்பகுதி செயற்கைத் தோலும் நைலோன் வலையும் சேர்ந்தது, நடுவில் நுரைப்பஞ்சு, அடியில் இறப்பர் அல்லது கம்பளித்தன்மையுள்ள ஃபெல்ட். இவற்றைப் பிணைத்திருப்பது பெரும்பாலும் பொலியூரித்தேன் பசை. தொழிற்சாலையில் அந்தப் பசையைப் பூசி உலரவிட்டு, 55 முதல் 70 பாகை வரை சூடாக்கி இளகச் செய்து, இளகிய நிலையிலேயே இரண்டு பாகங்களையும் அழுத்தியில் வைத்து இறுக்குவார்கள். அதாவது, ஒட்டுவதற்காக எந்த வெப்பத்தில் பசையை இளகச் செய்தார்களோ, அதே வெப்பத்தை உங்கள் மச்சான் சித்திரை வெயிலில் தகரத்தின் மேல் இலவசமாகக் கொடுக்கிறார். இறுக்குகின்ற அழுத்தி மட்டும் அங்கே இல்லை. உச்சி வெயிலில் தகரம் 60 பாகையைத் தாண்டிச் சூடேறும். கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவிலுள்ள நுரைப்பஞ்சு அந்தச் சூட்டில் சுருங்குகிறது, இறப்பர் அவ்வளவு சுருங்குவதில்லை. பசை இளகி இருக்கும் நேரத்தில் ஒன்று இழுக்க மற்றது நிற்க, விளிம்பு பிரிகிறது. பிரிந்த விளிம்புக்குள் அடுத்த சனிக்கிழமை மணல் ஏறுகிறது; அதற்கடுத்த சனிக்கிழமை வாய் பிளக்கிறது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் நைலோன் தையல் நூலை வலுவிழக்கச் செய்வது இதற்கு மேலான தண்டனை. பூட்டிய வாகனத்தின் பின்பக்கத்தில் பூட்ஸை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே பத்தியைப் படித்துக் காட்டலாம்.

இருந்தாலும் மச்சான் மேல் முழுப் பழியையும் போட நான் தயாரில்லை. அவை கனடாவில் சில காலம் பாவித்து, ஒருவேளை நிலவறையில் சில காலம் சும்மா கிடந்து வந்த சோடிகள். சில பூட்ஸ்களின் நடுப்பஞ்சு பொலியூரித்தேனால் ஆனது. அந்தப் பொருளில் ஒருவகை, காற்றிலுள்ள ஈரத்தாலேயே ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சிதைந்து, பார்வைக்குப் புதிதாக இருக்கும்போதே உதிர்ந்துவிடும். கழன்ற இடத்தில் பஞ்சை நகத்தால் கீறிப் பாருங்கள். மா போல உதிர்ந்தாலோ, பிசுபிசு என்று ஒட்டினாலோ அந்தச் சோடிக்கு ஆயுள் முடிந்தது. எந்தப் பசையும் அதைக் காப்பாற்றாது, வெயிலும் முழுக் காரணமல்ல. பஞ்சு உறுதியாக இருந்து விளிம்பு மட்டும் பிரிந்திருந்தால் திருத்தலாம். இரண்டு பக்கமும் பழைய பசையை அரத்தாளால் தேய்த்து எடுத்து, சப்பாத்துப் பசையை இரு பக்கமும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, பிறகு இணைத்து ஒரு நாள் முழுவதும் இறுகக் கட்டி வைக்க வேண்டும். ஈரப் பசையில் ஒட்டி உடனே அணிந்து பார்க்கும் அவசரத்தால் மறுபடி கழன்று வருபவையே என் கடைக்கு அதிகம் வருகின்றன. உப்பு இருக்கின்ற பரப்பில் பசை பிடிக்காது என்பதால், திருத்தக் கொடுக்கும் முன்பும் இரண்டு வாளி அலசல் கட்டாயம்.

உங்கள் அடுப்புப் பறணும் தம்பியின் ஹெயார் டிரையரும் இதே குற்றத்தின் சிறிய வடிவங்கள். பறணில் எத்தனை பாகை என்று எவராலும் சொல்ல முடியாது. விறகு ஒருநாள் மெல்ல எரியும், ஒருநாள் கொழுந்துவிட்டு எரியும். புகை வேறு பஞ்சுக்குள் ஏறும். உங்கள் சோடி மணப்பதற்குப் பாதிக் காரணம் மீனாகவும் மீதிப் பாதி புகையாகவும் இருக்கக்கூடும். ஹெயார் டிரையரின் வாயருகே காற்றின் சூடு பசை தாங்குகின்ற எல்லையைத் தாண்டும்; சூடில்லாத காற்று வருகின்ற பொத்தான் இருந்தால் அதில் ஊதலாம், ஆனால் அதைவிட மின்விசிறி மலிவு, அக்காவும் கோபிக்க மாட்டார். அரிசியை மேசுக்குள் கட்டிப் பூட்ஸுக்குள் போடலாமா என்று வேறு சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அரிசி மிகக் குறைவாகவே நீரை இழுக்கும், பிறகு புழுத்துப் போகும். வயலும் வாய்க்காலுமாக இருக்கின்ற எங்கள் பகுதியில் அதைச் செய்ய மனமும் வராது. புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வருகின்ற சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் தம் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீரை இழுக்கும். 200 கிராம் நீருக்கு 600 கிராம் ஜெல் வேண்டும். உங்கள் கையில் இருப்பது ஒரு கிராம், இரண்டு கிராம் பொட்டலங்கள்.

அத்தானிடமிருந்து வந்த சோடிகளின் அடியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அடியில் தடித்த கம்பளி போல ஃபெல்ட் இருந்தால், அது குளிர்நாட்டு ஆறுகளில் பாசி படிந்த கற்களில் வழுக்காமல் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. எங்கள் வாவியில் அப்படிப்பட்ட கல் இல்லை. இருப்பது சேறும் மணலும் மட்டி ஓடும். சேற்றை ஃபெல்ட் விழுங்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் கடைசியாகக் காய்வதும் அதுதான். டிடிமோ என்ற பாசியினம் ஒன்று ஆற்றுக்கு ஆறு பரவுவதைத் தடுப்பதற்காக நியூசிலாந்து 2008 இல் மீன்பிடிப்பவர்களின் ஃபெல்ட் அடிகளைத் தடைசெய்தது. அதற்குள் தங்கிய ஈரத்தையும் உயிர்களையும் முழுமையாகப் போக்குவது கடினம் என்பதே காரணம். அங்கே ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை, தொட்டுப் பார்த்தால் உலர்ந்திருக்கின்ற நிலைக்கு வந்த பிறகும் மேலும் 48 மணித்தியாலம் காயவிட வேண்டும் என்பது. இலங்கைக்கு 1939 இல் வந்து குளங்களை மூடிய சல்வீனியா என்ற நீர்க்களையும், அதைப் போலவே பரவுகின்ற ஆற்றுவாழையும் ஒரு சிறு துண்டிலிருந்து முளைப்பவை என்பதால், காலையில் ஒரு குளம், மாலையில் வேறொரு குளம் என்று திரிகின்ற நாளில் மாஸ்டரும் தம் பூட்ஸின் அடியைத் துலக்கிப் பார்ப்பது நல்லது. ஃபெல்ட் சோடி இருப்பவர் அதைக் கழற்றி இறப்பர் அடி போட்டுக்கொள்ளலாம். அடி மாற்றுகின்ற எந்தக் கடையிலும் செய்யக்கூடிய வேலை.

மணத்தைப் பற்றி உங்கள் மனைவி சொல்வதை நான் ஆதரிக்கிறேன். பூட்ஸ் மணப்பது, வியர்வையையும் மீன்சளியையும் தின்று ஈரத்தில் பெருகுகின்ற நுண்ணுயிர்களால். இரவு முழுவதும் ஈரமாக இருந்த ஒவ்வொரு நாளும் அவற்றுக்குத் திருநாள். இரண்டாவது வாளியில் சிறிதளவு சலவைத்தூள் கலந்து, பழைய பல்துலக்கியால் உள்தளத்தைத் தேய்த்து, பின்பு நன்றாக அலசிவிடுங்கள். வெண்மையாக்கும் குளோரின் திரவம் வேண்டாம். அது நூலையும் பஞ்சையும் அரிக்கும். உள்தளத்தைக் கழற்றாமலே காயவைக்கின்ற பழக்கம் உங்களுக்கு இருக்குமென்று சந்தேகிக்கிறேன், ஏனென்றால் நாற்றத்தில் பெரும்பங்கு அதன் அடிப்புறத்தில்தான் இருக்கும். கால்விரல்களின் இடுக்கு வெளுத்துத் தோல் உரிந்து சொறிகிறது என்றால் அது சேற்றுப்புண். அதற்கு என்னிடம் மருந்தில்லை, வைத்தியரிடம் காட்டுங்கள். ஈர மேசோடு வீடு வரை வருகின்ற பழக்கத்தை அன்றே விட்டுவிடுங்கள்.

யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். குளத்துக்கு மாஸ்டரும், கச்சான் காலத்துக்குக் காக்காவும் பெரும்பாலும் சரி, மச்சான் தவறு, நீங்களும் தம்பியும் மச்சானுக்குச் சற்று மேலே. ஆனால் என் சொல்லை வைத்துக்கொண்டு மச்சான் அடங்கிவிடுவார் என்று நான் நம்பவில்லை. தூண்டில்காரர்கள் மீனின் நீளத்திலேயே ஒத்துப்போகாதவர்கள். உங்களிடம் மீன் நிறுக்கின்ற கைத்தராசு ஒன்று நிச்சயம் இருக்கும். அதில் ஒவ்வொரு சோடியையும் நன்றாகக் காய்ந்த நாளில் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். பிறகு அலசி வடியவிட்டதும் ஒருமுறை, அன்று மாலை ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். காய்ந்த எடைக்கு மேலே இருக்கின்ற ஒவ்வொரு கிராமும் உள்ளே இருக்கின்ற நீர் அல்லது உப்பு. மாலையில் குறைந்த எடை காலையில் கூடினால் அலசல் போதவில்லை. மாலையிலேயே குறையவில்லை என்றால் காற்றுப் போதவில்லை. கண்ணும் கையும் வெளிப்பக்கத்தைத்தான் பார்க்கும், தராசு உள்ளே இருப்பதையும் சேர்த்துச் சொல்லும். எடையைப் படிக்கின்ற பொறுப்பை மாஸ்டரிடமும் எழுதுகின்ற பொறுப்பை மச்சானிடமும் கொடுத்தால், அடுத்த சண்டைக்கு வேறு பொருள் தேட வேண்டிவரும்; எந்தத் தூண்டில் இரைக்குக் கொடுவா வரும் என்பது இன்னும் பாக்கி இருக்கிறது.

காய்ந்த பூட்ஸை பொலித்தீன் பையில் கட்டி வைக்க வேண்டாம். வீட்டுக்குள் இடமில்லை என்று ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டதால், பின்பக்கத் தாழ்வாரத்தில், மழைச்சாரல் படாத சுவரில், நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு பலகை அடித்து, வாய் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். கவிழ்த்து வைத்தாலும் அடுத்த சனிக்கிழமை காலை விடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் சுவரில் இரண்டு முறை தட்டிப் பாருங்கள். உலர்ந்த, இருட்டான பூட்ஸ் தேளுக்கும் பிடித்த இடம்.